அணைய நேரமெடுக்கும் அடுப்பு

மிரெல்லா தரையில் முட்டி போட்டு, அறையைச் சூடாக்கும் அடுப்பின் வாய்க்குள் கையை விட்டு எரிகிண்ணத்தை வெளியே எடுத்தாள். சாம்பல் உருகி, அடியிலிருந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டு கல்லாக இறுகியிருந்தது. திருப்புளியால் குத்திப் பெயர்த்தாள்.

"ரிப்பேர்க்காரனக் கூப்பிடட்டுமா அக்கா?" என்றான் தம்பி ரென்ஸோ. கீழே உதினே நகரத்திலிருந்து காலையில்தான் வந்திருந்தான்.

"கூப்பிடு. இந்தப் பனியில நாளைக்குத்தான் ஏறி வருவான். அதுவரைக்கும் அப்பா குளுர்ல கெடக்கட்டும்."

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சமையல், சாப்பாடு எல்லாம் அந்த ஒரே அறையில்தான். மாடிக்குச் சூடு ஏறுவதில்லை என்று அப்பாவின் கட்டிலைக் கீழே இறக்கி அடுப்புக்கு எதிரில் போட்டிருந்தார்கள். அப்பா ஒத்தொரீனோ ஆயுசு முழுக்கக் கல் உடைத்தவர். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மருந்து இனி கிடையாது. குளிராமல் போகட்டும். மிரெல்லாவுக்கு அது ஒன்றுதான் பாக்கி.

"நின்னுபோச்சா?" என்றார் அப்பா. குரல் நூலாக வந்தது.

"சாம்பல் அடைச்சிருக்குப்பா. இப்ப எரிஞ்சிரும்."

"நல்ல விறகடுப்பப் பிடுங்கிப் போட்டியே. கரண்டு இல்லாம எரியாதது ஒரு அடுப்பாடி? பாரு, எனக்கு முந்தி அது போயிருச்சு."

ரென்ஸோ சிரித்தான். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பாவால் கோடரியைத் தூக்க முடியாமல் போனபோது விறகடுப்பை எடுக்கச் சொன்னது மிரெல்லாதான். தூசியை மெஷினால் உறிஞ்சி எடுத்து, கிண்ணத்தை உள்ளே வைத்து, பொத்தானை அமுக்கினாள். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகள் சடசடவென்று கிண்ணத்தில் விழுந்தன. குவிந்தன. பற்றவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"பெல்லட் ஈரமா இருக்குமோ?" என்றான் ரென்ஸோ.

ஒன்றை எடுத்து ஒடித்தாள். பட்டென்று ஒடிந்தது. "ஈரமில்ல."

போர்வைக்குள் கையை விட்டு அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கணுக்கால் வரை சில்லென்றிருந்தது. தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டாள்.

எரியாத பெல்லட்டை அப்படியே விட்டால் மொத்தமாகப் பற்றிப் புகைந்துவிடும். எல்லாவற்றையும் அள்ளி வாளியில் போட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்தபோதுதான் பார்த்தாள். பின்பக்கத்து ஓட்டை முன்பக்கம் இருந்தது. சூடேறிப் பற்றவைக்கும் கம்பிக்கு எதிரே இருக்க வேண்டிய ஓட்டை. வாராவாரம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. யாரிடமும் சொல்லாமல் திருப்பி வைத்து, அசையாமல் உட்காரும்வரை அழுத்தினாள்.

இந்தத் தடவை முதலில் புகை வந்தது. பிறகு ஒரு சின்னத் தீ நாக்கு. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தீ நிமிர்ந்து நின்றது. விசிறி சுற்றத் தொடங்கி, வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது.

"அப்பா, எரியுது" என்று திரும்பினாள்.

ரென்ஸோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினான். அப்பாவின் உயிர் வெளியே போக வழிவிட்டு, மிரெல்லா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

பனிக்காலத்தில் திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அர்மீதா வந்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, கைக்குட்டையை மடித்து அப்பாவின் தாடையைக் கட்டினாள்.

"மொதல்ல அடுப்ப அணைங்க பிள்ளைகளா. அடக்கம் வரைக்கும் இங்கதான இருக்கணும் அவரு. சூடு ஆகாது."

மிரெல்லா பொத்தானை அமுக்கினாள். தீ சுருங்கியது. விசிறி நிற்கவில்லை.

"இன்னும் ஊதுதே? பிளக்கப் பிடுங்குடா ரென்ஸோ."

"பிடுங்கக் கூடாது அத்தை" என்றாள் மிரெல்லா. "வீடு முழுக்கப் புகை வந்துரும். உள்ள ஆறுற வரைக்கும் அதுவா ஊதும். விட்டுரணும்."

மூவரும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியே குளிரும் அடுப்பிலிருந்து சூடுமாக வந்துகொண்டிருந்தன. அந்தச் சூட்டுக் காற்றில் அப்பாவின் நெற்றியில் நரைமுடி எழுந்து அசைந்தது. மிரெல்லா அதை ஒதுக்கிவிட்டாள். மறுபடி எழுந்தது. ஒதுக்கினாள். அர்மீதா ஜெபமாலையை எடுத்தாள். விசிறியின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. முடி இன்னொரு தரம் லேசாக எழும்பியது. மிரெல்லா உள்ளங்கையால் தடவிப் படிய வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

அது படிந்தபடியே கிடந்தது.