திரையின் சிவப்பு ஓரம்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். காபி போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு கேமரா பேட்டரிகளைச் சார்ஜரில் போட்டேன். மொத்தம் எட்டு. நான்கில் பேனாவால் எழுதிய எண்கள், என் கையெழுத்து. மற்ற நான்கில் சிவப்பு நகச்சாயத்தில் புள்ளிகள், என் மனைவி வைத்தவை. ஏழு மாதமாக வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் தினமும் போடுகிறேன். எட்டிலும் பச்சை விளக்கு வந்தபின் குளித்தேன். இரண்டு துண்டு ரொட்டி தின்றேன்.

எட்டரைக்கு மச்சான் வந்தான். அவளுடைய தம்பி. என்னிடம் கேட்காமலே அலமாரியைத் திறந்து அவளுடைய கேமரா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். சார்ஜரிலிருந்து மூன்று புள்ளி வைத்த பேட்டரி ஒன்றையும் உருவிக்கொண்டான்.

"மாமா, பேசினது பேசினதுதான். கேமரா கண்காட்சியில எக்ஸ்சேஞ்ச் கவுன்டர் இருக்கு. இதைக் குடுத்துட்டுப் புதுசு வாங்குறோம். அடுத்த மாசம் வேலை ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். என் மூஞ்சில கரியைப் பூசிடாதீங்க."

"சரி" என்றேன். ஏழு மாதமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

நானும் அவளும் விழாக்களுக்கு வீடியோ எடுத்தோம். கடைசி வேலை ஒரு பள்ளிக்கூடத்தில். தலைமையாசிரியையின் பணி நிறைவு விழா. முடிந்ததும் நான் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் பையோடு கீழே போனாள். நான் இறங்கிப் போனபோது கார் இருக்கையில் தலை சாய்ந்திருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். வயது முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தார் வீடியோவைக் கேட்கவே இல்லை. நானும் அவள் கேமராவைத் திறந்து பார்க்கவில்லை.

கடைசியா என்ன சொன்னா என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு நினைவில்லை. மாமியாரிடம், உங்களைப் பற்றித்தான் பேசினாள் என்றேன். அவள் தோழியிடம், சிரித்துக்கொண்டிருந்தாள் என்றேன். விண்ணப்பம் மாதிரி ஆளுக்கொன்றாக நிரப்பிக் கொடுத்தேன். மச்சான் மட்டும் கேட்டதில்லை.

கண்காட்சி வாசலில் ஃப்ளாஷ் அண்ணன் நின்றார். எங்கள் போட்டோ, வீடியோக்காரர் சங்கத்துச் செயலாளர். தலை வழுக்கை என்பதால் அந்தப் பெயர். அவரே வைத்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்வார்.

"வந்தியா? நல்லது. இந்தா பேனா, இந்தா பேப்பர். நம்ம ஆளுங்க எந்தப் புது சாமானைப் பாத்து வாயப் பிளக்கறாங்கன்னு கேட்டு எழுது. வருஷா வருஷம் தங்கச்சிதான் எழுதிக் குடுக்கும். இந்த வருஷம் நீ."

"எனக்கு எழுத வராதுண்ணே."

"காலேஜ் படிச்சவன்தானே? கதை விடாம எழுதினாப் போதும்."

அவள் எழுதிய பட்டியல்கள் என்னிடம் இருக்கின்றன. எத்தனை மெகாபிக்சல் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. பிடி எப்படி இருக்கிறது, மூன்று மணி நேரம் கழித்துத் தோள் என்ன சொல்லும், இருட்டில் பட்டன் விரலுக்குத் தட்டுப்படுமா, இவைதான். கடைக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் சரக்கு எடுத்தார்கள்.

முதலில் பறவை படம் எடுப்பவர் மாட்டினார். முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் நின்றார்.

"தூக்கிப் பாருங்க தம்பி."

தூக்கினேன். தண்ணீர் பாட்டில் கனம்தான் இருந்தது.

"பழைய லென்ஸைத் தூக்கித் தூக்கி ஒரு தோளே இறங்கிப் போச்சு. சட்டை தைக்கிறவரு ரெண்டு கைக்கும் தனித்தனியா அளவெடுக்கிறாரு. இது அஞ்சு வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

பிறந்த குழந்தைகளைப் படம் எடுக்கும் அக்கா ஒரு விளக்கின் முன்னால் நின்றார். உள்ளங்கை அகலம். பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, வெளிச்சம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் மெல்ல ஏறி நின்றது. எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை.

"குழந்தை முழிக்கவே முழிக்காதுப்பா. இனிமே அப்பாங்கதான் கத்தி எழுப்பணும்" என்றார் அக்கா.

காந்த மூடி போட்ட ஒரு பையைத் திறந்து மூடித் திறந்து மூடி ஒருவர் விளையாடிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. முன்பு இவர் ஒரு மௌன அஞ்சலியில் பையின் ஒட்டுப்பட்டையைப் பர்ரென்று பிரித்தவர். இன்றைக்கும் அவருக்குப் பர்ர் என்றுதான் பெயர்.

எல்லாம் நன்றாகவே இருந்தன. எழுதிக்கொண்டேன். ஆனால் பெரிய கூட்டம் ஒரு கேமராவைச் சுற்றித்தான். அதில் பதிவு ஓடும்போது திரையைச் சுற்றிலும் தடித்த சிவப்பு ஓரம் வரும். பிடியும் ஒருமுறை லேசாக அதிரும். நின்றால் இரண்டு முறை. அவ்வளவுதான் விஷயம். ஆறு பேர் அதைத்தான் சொன்னார்கள்.

வெளியாட்களுக்கு இது புரியாது. வீடியோ கேமராவில் ஆரம்பிக்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன். அவசரத்தில் ஒரு அழுத்தம் கூடிவிட்டால் கணக்கு மாறிவிடும். ஓடுகிறது என்று நினைக்கும்போது நிற்கும். நிறுத்தினோம் என்று நினைக்கும்போது ஓடும். மேடையில் நடந்தது எதுவும் இருக்காது. நடுநடுவே கேமராவைத் தொங்கவிட்டு நடந்தது மட்டும் இருக்கும். எங்களில் இதைச் செய்யாதவர் கிடையாது. அவள் அதைத் தலைகீழ் என்பாள். ஒருமுறை பதினோரு நிமிடம் யாரோ ஒருவருடைய காலணிகளை எடுத்து வந்தாள். முழுதும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "பாலிஷ் நல்லா இருக்கு" என்றாள்.

புதுக் கேமராவைக் கையில் வாங்கி அழுத்தினேன். சிவப்பு வந்தது. உள்ளங்கையில் ஒரு அதிர்வு, நாடி பார்ப்பது மாதிரி. இன்னொருமுறை அழுத்தினேன். எவ்வளவு எளிமை! இதை யோசித்த ஆள் கட்டாயம் ஒருநாள் காலணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்தான்.

எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் இருந்தவர் அவளுடைய கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு வச்சிருந்தது? லென்ஸ் வாயில ஒரு கீறல் இல்ல. சென்சார் கண்ணாடி மாதிரி இருக்கு. இப்படி வச்சிக்கிற ஆளை நான் பாத்ததில்ல சார்."

"என் அக்கா" என்றான் மச்சான்.

அவர் பேட்டரியைப் போட்டு உயிர்ப்பித்தார். "உள்ள கார்டு இருக்கே. அழிச்சிடட்டுமா?"

மச்சான் என்னைப் பார்த்தான். "நீங்க எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன் மாமா."

"இருங்க" என்றேன்.

கேமராவை வாங்கினேன். பதிவுகளின் வரிசை வந்தது. கடைசிக்கு முந்தையதைத் தொட்டேன். தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து எழுந்து மைக்கை நோக்கி நடக்கிறார். அங்கேயே வெட்டுப்பட்டு நின்றது. கடைசிப் பதிவைத் தொட்டேன். தரை. நாற்காலிக் கால்கள். அவளுடைய செருப்பு. தூரத்தில் கைதட்டல் அடங்கிக்கொண்டிருந்தது.

தலைகீழ்.

அன்று அந்த அம்மா சிரித்தார். பணியில் இருந்த முப்பத்தைந்து வருடத்தில் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திராத சிரிப்பு. மண்டபமே எழுந்து நின்றது. அது எங்குமே பதிவாகவில்லை.

கேமராவின் ஒலிபெருக்கி சின்னது. காதோடு வைத்துக்கொண்டேன். மச்சானும் தலையைக் கொண்டுவந்து ஒட்டினான். இருபத்திரண்டு வினாடி. மூன்றுமுறை கேட்டோம். மச்சான் நிமிர்ந்து வேறு பக்கம் பார்த்தான்.

"மாமா, குடுக்க வேண்டாம். நான் பேசினதை விடுங்க. வேலையை நான் வேற யார்கிட்டயாவது தள்ளி விட்டுடறேன்."

கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். கேமராவை மேசைமேல் வைத்தேன்.

"இல்லடா, குடுத்துடலாம். அந்தச் சிவப்பு ஓரத்தை உங்க அக்கா பாத்திருந்தா, இந்தக் கவுன்டர்ல மொத ஆளா நின்னிருப்பா. வேலைக்கு வரேன்னு சொல்லு."

ஃப்ளாஷ் அண்ணனின் தாளில் கடைசி வரியாக என் பங்குக்கும் சிவப்பு ஓரத்தை எழுதினேன். ஏழாவது ஆள். மாமியாருக்கு போன் செய்து, முன்பு சொன்னது சரியில்லை, வீட்டுக்கு வந்து கேட்க வைக்கிறேன் என்றேன்.

பதிவில் இருந்தது இவ்வளவுதான். முதலில் என் குரல், மூச்சிரைப்போடு: "ஏய், அந்தம்மா சிரிச்சாங்களே, எடுத்தியா? எனக்கு அப்பப் பாத்து பேட்டரி போயிடுச்சு."

செருப்பு நின்றது. கேமரா லேசாக ஆடியது. அவள் சிரித்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா சிரிக்காதவங்க சிரிக்கிறாங்க, நீ பேட்டரி மாத்திக்கிட்டு நிக்கிற. பரவால்ல, விடு. நான் எடுத்துட்டேன்."