பதினேழாம் பக்கத்துச் சாட்சி

சங்கத்தின் மாத இதழில் பதினேழாம் பக்கத்துக்கு 'மாறினேன்' என்று பெயர். தலைவர் எழுதும் பண்பாட்டு மறுமலர்ச்சிக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் படிப்பார்கள், கொட்டாவி விடுகிறவர்கள் விடுவார்கள். பதினேழாம் பக்கத்தை மட்டும் ஒருவரும் தாண்டிப் போக மாட்டார்கள். அடுத்தவர் செய்த தப்பை அவர் வாயாலேயே கேட்பதென்றால் யாருக்குக் கசக்கும்? போதாததற்கு, அதில் ஒரு தடவையாவது எழுதாதவர் எந்தக் கிளைக்கும் பொறுப்பாளர் ஆக முடியாது என்று சங்கம் விதி வேறு போட்டிருந்தது. கேட்க வேண்டுமா? திருந்தியவர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

குடியை விட்டுவிட்டதாக ஒருவர் உருக்கமாக எழுத, இதழ் வெளிவந்த வாரமே, 'அதை எழுதும்போதே ஆள் நிதானத்தில் இல்லை' என்று அவர் மனைவி கடிதம் போட்டாள். சாட்சிப் படிவம் அதற்குப் பிறகு வந்ததுதான். யாருக்குத் தீங்கு செய்ததாக எழுதியிருக்கிறதோ அவரையே தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். வந்தாரா? மன்னிப்புக் கேட்டாரா? மன்னித்தீர்களா? மூன்றுக்கும் 'ஆம்' விழுந்தால்தான் பக்கம் அச்சுக்குப் போகும்.

கேட்கிற வேலை துணை ஆசிரியையுடையது. அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். நாலு பக்கக் கண்ணீரை ஒரே பக்கமாக நறுக்கித் தருகிற கை. அவள் பெயர் இதழில் எங்கும் வராது. 'ஆசிரியர் குழு' என்று மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள்.

அந்தப் புதன்கிழமை காலையில் ஒரு உறையைப் பிரித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. பள்ளி நாட்களில் அவளுடைய நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்த அதே எழுத்து. அண்ணனுடையது.

'எனக்கும் என் தங்கைக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல்' என்று ஆரம்பித்திருந்தான். ஒன்பது வருடம் பேச்சில்லை. சங்கத்துக்கு வந்தபின் அகந்தை கரைந்தது. போன மாதம் தங்கை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் தேம்பி அழுதாள். தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தாள்.

சின்ன மனத்தாங்கலாம்! வாய் கூசாமல் எப்படித்தான் எழுத முடிந்ததோ. அவன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக, அம்மா செத்த சேதியைக்கூடத் தங்கைக்குச் சொல்லாமல் விட்டவன் அவன். மூன்று நாள் கழித்துக் கடைத்தெருவில் யாரோ துக்கம் விசாரித்த பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு போனவளை வாசலிலேயே மறித்து, "அம்மாவே உன்னைப் பாக்க வேணாம்னுதான் சொன்னாங்க" என்று ஒரே போடாகப் போட்டான். அந்த வார்த்தையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒன்பது வருடமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரையோடு, தங்கையின் தொலைபேசி எண் என்று ஒன்றை எழுதியிருந்தான். அது அவளுடைய எண் இல்லை. யாருடையது என்று பார்த்துவிடலாம் என்று சுழற்றினாள்.

"இதழ் ஆபீசுலேர்ந்து பேசறேன். 'மாறினேன்' பகுதிக்கு எழுதியிருக்காரே, அவரோட தங்கைங்களா?"

"ஆமாங்க, தங்கச்சிதான் பேசறேன், கடவுள் புண்ணியத்துல."

அண்ணி! பால் பொங்கினாலும் கடவுள் புண்ணியம், பஸ்ஸைத் தவறவிட்டாலும் கடவுள் புண்ணியம் என்கிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். கத்திரிக்கு மூன்று நாளாக ஜலதோஷம், குரல் கட்டியிருந்தது. அண்ணிக்குப் பிடிபடவில்லை. அடிப்பாவி, என்னிடமே நானாக நடிக்கிறாளே என்று கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

"உங்க வீட்டுக்கு வந்தாருங்களா?"

"வந்தாருங்க. கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டே வந்தாரு."

"மன்னிப்புக் கேட்டாரா?"

"ஐயோ, அழுத அழுகை இருக்கே! கல்லுகூடக் கரைஞ்சிருக்கும்."

"நீங்க மன்னிச்சிட்டீங்களா?"

அதுவரை தங்குதடையில்லாமல் அளந்துகொண்டிருந்த அண்ணிக்கு இதற்கு மட்டும் பொய் வரவில்லை.

"மன்னிச்சா நல்லாருக்குங்க," என்றாள், குரல் இறங்கிப்போய். "அவ பேச்சை எடுத்தாலே மனுஷன் பாதிச் சாப்பாட்டுல எழுந்துடறாரு. அவ... என் பேச்சை எடுத்தா."

கத்திரி அதற்கும் விடவில்லை.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வந்து என் எதிர்ல கையெழுத்துப் போடணும்."

அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிஷம் அவளாகப் போட்டது.

வெள்ளிக்கிழமை அவன் தனியாகத்தான் வந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. தரையைப் பார்த்தபடியே மேஜைக்கு முன்னால் வந்து நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்.

"தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைங்க, அதான் வர முடியல."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். முகம் வெளுத்துப்போனது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காராதே, நில்லு," என்று கட்டுரையை அவன் பக்கம் தள்ளினாள். "டீ போட்டுக் குடுத்தேனாமே. சர்க்கரை எத்தனை ஸ்பூன் போட்டேன்? அதையும் எழுதியிருக்கலாமே?"

"கிழிச்சுப் போட்டுடும்மா. கிளைப் பொறுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்." அவன் கட்டுரையைத் திருப்பித் தள்ளினான். "மூணு தடவை உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல கால் வரல. எழுதும்போதாவது உன் வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருந்துச்சு."

"தெருமுனை வரைக்கும் வரத் தெரியுது. அம்மா போறப்ப ஒரு போன் பண்ணத் தெரியலையா? பாக்க வேணாம்னு சொன்னாங்களாமே, அதாவது நிஜமா? இல்ல, அதுவும் இந்தக் கட்டுரை மாதிரிதானா?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கட்டுரையில் இருந்த அழுகை இல்லை இது. மூக்கு ஒழுகியது, பேச்சு குழறியது.

"இல்ல. ரெண்டு நாள் உன்னையேதான் கேட்டாங்க. எங்கடா அவ, எங்கடா அவன்னு. சொல்லியாச்சு, பஸ் ஏறிட்டா, வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். உனக்குச் சொல்லவே இல்ல. வீம்பு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாங்க, கதவையே பாத்துக்கிட்டு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்கிட்ட வர்றது? அதான் அப்படி ஒரு பொய்யைச் சொன்னேன்."

"பாவி," என்றாள். "பாவி, பாவி." அறைந்தாலும் ஆத்திரம் தீராது போலிருந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்குள்ளேயே வேறொன்றும் இருந்தது. அம்மா கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ரெண்டு நாள் கேட்டிருக்கிறாள். மகளுக்குத் தலை வாரும்போதெல்லாம், என் அம்மாவுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனே என்று நினைத்து நினைத்து வெந்துபோனாளே, அத்தனையும் வீண். அவளுக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

ஆசிரியர் கதவருகே எட்டிப் பார்த்தார். "பதினேழாம் பக்கம் முடிஞ்சுதாம்மா? அச்சகத்துல கேக்கறாங்க."

"இது வேணாம் சார். பக்கத்து வீட்டுக்காரரோட சுவர் தகராறுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, அதைப் போட்டுடுங்க."

அவர் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சாட்சிப் படிவம் மேஜையில் கிடந்தது. 'வந்தாரா' என்பதற்கு நேராக 'ஆம்' என்று எழுதினாள்.

"மன்னிச்சிடும்மா," என்றான் அவன், படிவத்தைப் பார்க்காமலே. இரண்டாவதுக்கும் 'ஆம்' என்று எழுதினாள். மூன்றாவதில் பேனா நகரவில்லை. படிவத்தை இழுப்பறைக்குள் போட்டாள். பிறகு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"உக்காரு. அம்மா என்னை எப்படிக் கேட்டாங்கன்னு முதல்லேர்ந்து சொல்லு. எவ்வளவு நீளமானாலும் பரவாயில்ல."