தலை தட்டிய கரண்டி

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அடுக்களைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அவன் உப்புக் கரண்டியைத் தலை தட்டித் தராசில் கவிழ்த்தான். ஐந்து கிராம் என்று காட்டியது. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி கவிழ்த்தான். மறுபடியும் ஐந்துதான்.

தராசு பக்கத்து வீட்டுக் கேக்கக்காவுடையது. வீட்டிலேயே கேக் சுட்டு விற்கிறவள். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள்.

நாளுக்கு மூன்று கிராம் உப்புக்கு மேல் போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிராமுக்கு எங்கே போவேன் என்று அம்மா கலங்கியபோது, இதே தராசில் கல்லுப்பை நிறுத்து, இந்தச் சின்னக் கரண்டியில் தலை தட்டினால் மூன்று என்று கண்டுபிடித்துக் கொடுத்தவளும் கேக்கக்காதான். அன்றிலிருந்து அது அப்பாவின் கரண்டி. அப்பா அதை மாமியார் என்பார். சோற்றுத் தட்டைப் பார்த்ததும், மாமியார் இன்றைக்கு எவ்வளவு படியளந்தாள் என்று கேட்பார்.

பத்து நாளைக்கு முன் கடையில் கல்லுப்பு இல்லை. அவன் தூளுப்பு வாங்கி வந்தான். எந்த உப்பானாலும் உப்புதானே. கரண்டி மாறவில்லை. நான்காம் நாள் அப்பாவின் கால் வீங்கியது. இன்று விடிந்தபோது மூச்சு இல்லை.

தவிட்டு மூட்டையும் அரிசி மூட்டையும் ஒரே சாக்கு, ஒரே உயரம். ஒன்று பூ மாதிரி ஏறும், மற்றது முதுகை ஒடிக்கும். இருபது வருஷம் மூட்டை தூக்கியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோளுக்குத் தெரிந்தது, கடையில் நீட்டிய கைக்குத் தெரியாமல் போயிற்று.

கரண்டியைத் துடைத்தான். உள்ளே வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் மின்னியது.

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள்; ஆனால் மூன்று எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தராசைப் பார்த்தாள். தூளுப்புப் பாக்கெட்டைப் பார்த்தாள். கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"போ. உன் அக்கா வந்துட்டா."

அவன் கூடத்துக்குப் போனான். அழுகைக்கு நடுவே அடுக்களையில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் அம்மா பாத்திரம் தேய்க்கிறாளே என்று நினைத்தான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அழுது ஓய்ந்ததும் அப்பாவின் காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள். குழி அப்படியே நின்றது. தண்ணீர் குடிக்க உள்ளே போனவள் உப்புப் பாக்கெட்டோடு வந்தாள்.

"தூளுப்பை யாருடா வாங்கினது? அதே கரண்டியில போட்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏறிடுமேடா."

அவன் வாயைத் திறந்தான். அம்மா முந்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதாடி? இது வந்த அன்னிலேர்ந்து பாதிதான் போட்டேன். இந்தா, கோடு போட்டு வெச்சிருக்கேன் பாரு."

கரண்டியை நீட்டினாள். உள்ளே, பாதியில், ஆணியால் கீறிய கோடு. அக்கா அதை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பாடை தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவன் தலைமாட்டில் தோள் கொடுத்தான். தெருமுனை வந்ததும் பின்னால் வந்தவர், கனக்கும், தோள் மாற்றிக்கொள் என்றார்.

அவன் மாற்றிக்கொள்ளவில்லை.