மேனேஜருக்கு ஆறு மார்க்

லிஃப்ட்காரர் இறந்து நான்கு மாதம் ஆகியும் ஜன்னலோரத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தெரியாமல் அதன் பக்கம் சாய்ந்தால், அவர் மனைவி சட்டென்று சோபாவைக் காட்டிவிடுவாள். அவளும் உட்காரவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மேனேஜரும் உட்காரவில்லை.

மேனேஜர் பன்னிரண்டு வயதுப் பூனை. ரிப்பேருக்குப் போன ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியை லிஃப்ட்காரர் தன் ஸ்பேனர் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் யார் எந்த வேலையை எடுத்தாலும் அதன் நட்ட நடுவில் வந்து உட்காரும். ஒரு துரும்பையும் எடுத்துப் போடாது, எல்லோரையும் முறைக்கும். "எங்க கம்பெனி மேனேஜரேதான்" என்றார் அவர். பேர் நிலைத்துவிட்டது.

சாயங்காலம் அவர் நாற்காலியில் சாய்ந்தால் மேனேஜர் அவர் மடிக்கு வந்துவிடும். அவர் இறந்த வாரத்திலிருந்து நாற்காலிக் காலடிக்கு வந்து, ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழேயே படுத்துக்கொண்டது. சாப்பாட்டையும் பாதியில் விட்டது. வந்தவர்கள் எல்லோரும் வாயில்லா ஜீவனின் பாசத்தைச் சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். வேலை விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். அத்தனை பெரிய வெறுமையில் தன்னைப் போலவே அவரைத் தேடுகிற இன்னொரு உயிர் இருக்கிறது என்பது, இருட்டில் யாரோ கையைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது.

அவள் மிருக ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர். இருபத்தாறு வருஷமாக நாய், பூனை, முயல், கிளி, ஒரு தடவை ஆமை என்று எத்தனையோ ஜீவன்களைத் தூங்கவைத்து எழுப்பியிருக்கிறாள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்பார் லிஃப்ட்காரர். "கீழ இறக்கணும், மேல ஏத்தணும், நடுவுல நின்னுடக் கூடாது."

மயக்கம் கொடுப்பதைவிட வலியைப் பற்றித்தான் அவளுக்குப் பிடிவாதம் அதிகம். வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மிருகம்தானே, தாங்கிக்கொள்ளும் என்பதுதான் ஆஸ்பத்திரியில் பேச்சு. அவள் சண்டை போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தாள். வலியைப் பூனையிடம் கேட்க முடியாது. வளர்த்தவரிடம் கேட்டால் தன் மனசைச் சொல்வார். டாக்டரிடம் கேட்டால் தன் அவசரத்தைச் சொல்வார். அதனால் இரண்டு பேர், இரண்டு தாள். காது, கண், மூக்கு வாய், மீசை, தலை என்று ஐந்து கட்டம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று அல்லது இரண்டு. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. கூட்டினால் நான்கோ அதற்கு மேலோ வந்தால் மருந்து. இரண்டு தாளும் ஒத்துவராவிட்டால் அதிகமானதுதான் செல்லும். வாதம் கிடையாது.

நான்காம் மாதக் கடைசியில் நாத்தனார் வந்தாள். லிஃப்ட்காரரின் தங்கை, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அண்ணனுடைய சட்டைகளை எடுத்து ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லி, இரண்டு பையோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே பாத்ரூம் குழாய் சொட்டுவதையும், சுவர்க் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடுவதையும் கண்டுபிடித்தாள். மறுநாள் காலையில் மேனேஜரைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணி, உங்க மேனேஜர் ஒரு பக்கமாவே மெல்லுறான்."

"சாப்பாட்டுல அவனுக்கு மனசே இல்ல. உங்க அண்ணன் போனதுலேர்ந்து இப்படித்தான்."

"மனசு இல்லாதவன் தட்டுகிட்டயே போக மாட்டான். இவன் ஓடிப் போறான். ஒரு வாய் வச்சதும் தலைய உதறிட்டு வந்துடுறான். இவனுக்குப் பசி இருக்கு அண்ணி."

இருபத்தாறு வருஷம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் அது கேட்டிருக்கும். பிறகு, கொஞ்சம் சீண்டலாகவே, கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரித் தாள் இரண்டை எடுத்து ஒன்றை நாத்தனார் முன்னால் வைத்தாள். மார்க் போடத்தான் தெரியுமே, போடு என்றாள்.

நாத்தனார் சவாலைச் சவாலாகவே எடுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பையிலிருந்து சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் தரையில் உட்கார்ந்தாள். தாளில் இருந்த பூனை முகப் படங்களையும் மேனேஜரையும் மாற்றி மாற்றிப் பத்து நிமிஷம் பார்த்தாள். அவளும் சமையல் மேடையில் சாய்ந்தபடி தன் தாளை நிரப்பினாள். அதற்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று.

விரித்துப் பார்த்தபோது அவளுடையதில் ஒன்று. நாத்தனாருடையதில் ஆறு. அதன் கீழே, முப்பது வருஷப் பழக்கத்தில், 'கவனம் தேவை' என்று சிவப்பில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தது.

"துக்கத்துல இருக்கிற முகமும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"இருக்கலாம். உங்க தாள்ல துக்கத்துக்குக் கட்டம் இருக்கா?"

அவள் இரண்டு தாளையும் மறுபடி பார்த்தாள்.

"அதிகமானதுதானே அண்ணி செல்லும்? அண்ணன் சொல்லியிருக்காரு."

அவள் மேனேஜரைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். குர்ர் என்றது. பூனை சுகத்திலும் குர்ர் என்னும், வலியிலும் குர்ர் என்னும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். கட்டைவிரலால் உதட்டை மெல்ல ஒதுக்கினாள். இடது கீழ்த்தாடையில் ஈறு சிவந்து, பல்லின்மேல் ஏறி வந்திருந்தது. பல் அடியில் அரித்துப்போயிருந்தது. பக்கத்துப் பல்லும் அப்படியே. எந்தப் பூனை வந்தாலும் முதலில் வாயைத் திறந்து பார்க்கிறவள், நான்கு மாதமாக இந்த வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைசி மாதங்களில் மேனேஜர் தானாக மடிக்குத் தாவவே இல்லை. அவர்தான் மூச்சு வாங்க வாங்கக் குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொள்வார். அது அண்ணாந்து பார்த்தது துக்கத்தில் அல்ல. தூக்கிவிட ஆள் வரவில்லையே என்றுதான். லிஃப்ட் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் பார்க்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பல்வலி என்று ஆகிவிட்டால் அது அழவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் இந்த வீட்டில் அழுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குவதிலும் எலும்பு அறுப்பதிலும் கெட்டிக்காரரான சர்ஜனுக்குக் கத்தி என்று பேர். எக்ஸ்ரேயைப் பார்த்தவர், இரண்டு பல்லும் வேரோடு வர வேண்டும், ஆனால் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது, வயதும் ஆகிவிட்டது என்று இழுத்தார். நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி அப்படியே நின்றால் சிறுநீரகம் தாங்காது. அது அவளுக்கும் தெரியும். லிஃப்ட்காரர் விட்டுப்போனதில் உயிரோடு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே கீழே இறக்க வேண்டும். பத்திரமாக மேலே ஏற்றவும் வேண்டும்.

"அக்கா, மயக்கத்தை வேற யாராவது குடுக்கட்டுமே" என்றார் கத்தி.

"யாரு, நீயா? நீ குடுத்தா பூனை முழிச்சிருக்கும், நீ தூங்கிடுவ."

கத்தி சிரித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தலைமை நர்ஸ் நிமிஷத்துக்கு ஒருதரம் ரத்த அழுத்த நம்பரைச் சத்தமாகப் படிப்பாள். பூனை முகத்தைப் பார்த்து அல்ல, நம்பரைக் கேட்டுத்தான் அக்கா முடிவெடுக்க வேண்டும். வளர்த்தவர் மனசை நம்பக் கூடாது என்று அவளே போட்ட சட்டம்தான். ஒத்துக்கொண்டாள்.

முந்தின நாளே மேனேஜருக்கு டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். முதலில் வலிக்கான ஊசி. பிறகு நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாக மயக்க மருந்து. தலை கனத்து அவள் உள்ளங்கையில் சாய்ந்தது. மயக்கத்தில் பூனை கண்ணை மூடாது. காய்ந்துபோகாமல் இருக்கக் களிம்பு வைத்தாள். தொண்டையில் மரப்பு மருந்து ஒரு சொட்டு விட்டு மூச்சுக் குழாயைச் செருகி, மயக்கக் காற்றைத் திறந்தாள். வெந்நீர்ப் பையை உடம்புக்கு அணைவாக வைத்தாள். கடைசியாகத் தாடை நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகிற ஊசி. தூங்குகிற ஜீவனுக்கு அது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். தூங்குவது மனசுதான். கத்தி படுவதை உடம்பு அறிந்துகொள்ளும், இதயம் துள்ளும். இடத்தை மரக்கச் செய்துவிட்டால் மயக்கக் காற்று பாதி போதும். பலவீனமான சிறுநீரகத்துக்கு அந்தப் பாதிதான் உயிர்.

முதல் பல் நல்லபடியாக வந்தது. இரண்டாவதன் வேரைக் கிளறும்போது நர்ஸின் குரல் மாறியது. அறுபத்தெட்டு என்றவள் அறுபது என்றாள். பிறகு ஐம்பத்திரண்டு என்றாள்.

அவள் கை மருந்துத் தட்டுக்குப் போனது. இது கொடுக்கலாமா, அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று விரல்கள் ஒவ்வொரு குப்பியாகத் தொட்டன. தன் விரல்களைத் தானே பார்த்தாள். சிக்கிக்கொண்ட லிஃப்டுக்குள் இருக்கிறவர்கள் எல்லாப் பட்டனையும் அமுக்குவார்கள் என்று அவர் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அங்கே முதல் வேலை பட்டனிலிருந்து கையை எடுப்பதுதானாம்.

"கத்தி, கைய எடு. ரெண்டு நிமிஷம்."

கத்தி கையை எடுத்தார். அவள் மயக்கக் காற்றைக் குறைத்தாள். டிரிப்ஸைக் கொஞ்சம் வேகமாக்கினாள். வேறொன்றும் செய்யவில்லை. தொடையின் உள்பக்க நாடியில் விரலை வைத்துக் காத்திருந்தாள். மரப்பு ஊசி நன்றாகப் பிடித்திருந்ததால் மயக்கம் இளகியும் மேனேஜர் அசையவில்லை, இதயம் துள்ளவில்லை. நர்ஸ் ஐம்பத்தைந்து என்றாள். ஐம்பத்தொன்பது. அறுபத்தாறு என்றபோது கத்தி அவளைக் கேட்கும் பார்வை பார்த்தார். அவள் தலையசைத்தாள். நான்காவது நிமிஷத்தில் வேர் தட்டில் விழுந்தது.

அரை மணி கழித்து, பக்கத்து அறைத் தரையில், போர்வையில் சுற்றிய மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே காத்திருந்த நாத்தனாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேனேஜர் நாக்கை வெளியே நீட்டி, உள்ளே இழுத்து, குடித்துவிட்டு வீடு திரும்பியவனைப் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

நான்கு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவள் அப்போது சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில உங்க அண்ணன்கிட்ட வலி எவ்வளவுன்னு தினம் கேட்டேன். பத்துக்கு ரெண்டுன்னே சொன்னாரு. கடைசி நாள் வரைக்கும் ரெண்டு. நானும் நம்பினேன். இவன நம்பின மாதிரி."

நாத்தனார் கொஞ்ச நேரம் பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருக்காரு அண்ணி. சரி, இனிமே என்ன. நீங்க காபி வாங்கக் கீழ போவீங்கள்ல, அப்ப நர்ஸைக் கூப்பிட்டு ஏழு, எட்டுன்னு சொல்லுவாரு. எங்க வீட்டுல ரெண்டு தாள் சட்டம், ஒரு தாள் அவளுக்கு, ஒரு தாள் உங்களுக்கு நர்ஸம்மா, அதிகமானதுதான் செல்லும்னு சொல்லுவாரு. அவங்க மருந்து போட்டு அது பிடிச்சப்புறம்தான் நீங்க மேல வருவீங்க. அப்ப ரெண்டுதான் இருந்திருக்கும். பொய் சொல்லல. நேரம் பார்த்துச் சொன்னாரு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தினமும் அவளைக் காபிக்கு அனுப்பியது அவர்தான். ஒரு நாள் சர்க்கரை கம்மி என்று திரும்பக்கூட அனுப்பினார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நானும் கேட்டேன். இங்க டாக்டருங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்குப் பொண்டாட்டி ஒருத்திதான்னு சொன்னாரு. தெரிஞ்சா அவ டாக்டரா மாறி, டிரிப்ஸைப் பார்த்துக்கிட்டு உக்காந்துடுவாளாம்."

"திருட்டு மனுஷன்" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் மடி குலுங்கியது. மேனேஜர் தூக்கம் கலைந்த எரிச்சலில் முறைத்தது.

ஒரு வாரம் வேளை தவறாமல் கன்னத்துக்குள் வலி மருந்து விட்டாள். ஒவ்வொரு நாளும் இரண்டு தாள் எழுதப்பட்டது. நாத்தனார் சட்டை மடிக்கிற வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், ஒரு வாரம் என்று வந்தவள் இரண்டாவது வாரத்தின் நடுவில் இருந்தாள்.

ஆப்பரேஷனுக்குப் பின் பதினோராம் நாள் சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்தபோது நாத்தனார் ஒருவழியாகச் சட்டைகளை மடித்து, வேறு இடமில்லாமல் அந்த நாற்காலியில் அடுக்கியிருந்தாள். கூடாது என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் மேனேஜர் நாற்காலிக் காலடிக்கு வந்தது. அண்ணாந்து பார்த்தது. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரே தாவல், சட்டைக் குவியலின் உச்சியில் ஏறி, இரண்டு சுற்று சுற்றி, மடிப்புகளையெல்லாம் கலைத்து உட்கார்ந்து, வேலை ஏன் நின்றது என்பதுபோல இருவரையும் பார்த்தது.

"என்ன மார்க் அண்ணி?"

"பூஜ்யம்."

"எனக்கும் அதேதான்" என்றாள் நாத்தனார். இந்தத் தடவை தாள் எடுக்கவில்லை.

அந்த முகத்தில் அவரைத் தேடுகிற சாயல் எள்ளளவும் இல்லை. வயிறு நிறைந்த பூனையின் முகம், அவ்வளவுதான். அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் குத்தல் போவதற்குள்ளேயே அருகில் போய்ச் சட்டைகளைப் பூனையோடு சேர்த்து ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"டேய், தள்ளு" என்றாள்.

மேனேஜர் தள்ளவில்லை. அவள் மிச்சமிருந்த பாதியில் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.