ரசமட்டம் வைத்து மாட்டிய ஏ.சி.

பூமிகாவின் அறைச் சுவரில் மூன்றாவது தடவையாகப் பூசணம் வந்துவிட்டது. இரண்டு முறை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு தேய்த்தேன். பத்தே நாளில் ஏ.சி.க்குக் கீழே மறுபடியும் கறுப்புத் திட்டு. மகளுக்கு ஏற்கெனவே வீசிங். சுவரைச் சரிசெய்யாவிட்டால் மருந்தெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏ.சி.யைக் கழற்றச் சொல்லி வந்தவன் போனவனெல்லாம் யோசனை சொன்னான். நான் மட்டும் விடவில்லை. அது அவர் கையால் மாட்டியது.

என் வீட்டுக்காரர் குப்புராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டர். ஐந்து வருடத்துக்கு முன்னால் தீபாவளி போனஸில் ஏ.சி. வாங்கினார். கடைக்காரன் அனுப்பிய ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, சுவரில் ரசமட்டத்தை வைத்து அரை நாள் அளந்தார்.

"பாத்தியா சந்திரா, குமிழி கரெக்டா நடுவுல நிக்குது. கம்பெனிக்காரன் வந்தாகூட இப்டி மாட்ட மாட்டான்."

அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் அந்தக் குளிரில் பிரியாணி சாப்பிட்டோம். பூமிகா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். கவரைப்பேட்டையில் எங்களைவிடப் பெரிய பணக்காரர்கள் அன்றைக்கு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவார். கால் மணி நேரம் கழித்து வந்து, சோப்புப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார். எதற்கென்று எனக்குத் தெரியாதா? பூமிகாவுக்கு முதன்முதலில் மூச்சு இரைத்தபோது, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்த மனுஷன்.

"கைய கழுவினா ஆச்சா? யார ஏமாத்துற?" என்பேன்.

"சரி உடு" என்று சிரிப்பார். சிகரெட் வாடை வராது. அதற்கும் ஏதோ தந்திரம் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மாசியில் மாரடைப்பு. ஷிப்டு முடிந்து பஸ் ஏறியவர் வீடு வந்து சேரவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். பெற்ற பிள்ளை மேல் செய்த சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார் என்று தினமும் அவர் போட்டோவைப் பார்த்துத் திட்டினேன்.

நேற்று பூமிகா இரைக்க இரைக்க ஸ்கூலிலிருந்து வந்தாள். என் பிடிவாதம் அங்கேயே முடிந்தது. இன்று காலையில் ஏ.சி. மெக்கானிக் ஜெரால்டை வரச் சொன்னேன்.

ஏணியில் ஏறிப் பார்த்தவன், "யாருக்கா மாட்டினது?" என்றான்.

"ஏன், இன்னா கொற?"

"லெவல் பக்காவா கீது. அதான் தப்பு. தண்ணி போற பக்கம் ரெண்டு நூல், ஒரு கால் இன்ச்சு, சாய்ச்சு மாட்டணும். இல்லனா பைப்புல அழுக்கு அடைச்சுக்கினு தண்ணி உள்ள வந்துரும்."

"அஞ்சு வருஷமா ஒரு சொட்டு ஒழுகலியே. இந்த மாசிக்கு அப்பறம்தான் இப்டி."

"அதான் எனக்கும் புரியல" என்று பைப்பைப் பார்க்கப் பின்பக்கம் போனான். வரும்போது கையில் எங்கள் பழைய சைக்கிள் பம்பு. சைக்கிளை விற்ற பிறகும் அதை மட்டும் தரமாட்டேன் என்று அவர் வைத்துக்கொண்டதற்கு ஒரு சண்டையே போட்டிருக்கிறேன். பம்பு நுனியில் ரப்பர் குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஏ.சி. பைப்புக்குள் நுழைகிற அளவு. அதன் மேல் கறுப்பாகக் காய்ந்த வழுவழுப்பு.

"ஒடைஞ்ச சட்டிக்கு அடியில இருந்துச்சுக்கா. யாரோ வாராவாரம் காத்தடிச்சு அடைப்ப எடுத்துக்கினு இருந்திருக்காங்க. இந்த அழுக்கு சோப்பு போட்டாதான் கைய உட்டுப் போவும்."

பம்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தன் மட்டம் தப்பு என்று என்னிடம் ஒப்புக்கொள்ள அவ்வளவு வெட்கம். அதைவிட சிகரெட் திருடன் என்று ஐந்து வருடம் பேச்சு வாங்குவது மேல் என்று இருந்திருக்கிறார். வீம்பு பிடித்த மனுஷன்.

"கழட்டட்டாக்கா?"

"கழட்டு. நல்லா சாய்ச்சு மாட்டு."

பூமிகா கதவருகே வந்து நின்றாள். "இன்னாம்மா, ஏன் அழுவுற?"

"உங்கப்பா அன்னிக்கே சிகரெட்ட உட்டுட்டாருடி" என்றேன்.