வாசியாது இட்ட ஒப்பம்

துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நெடுங்கால் நாரைகள்போல் நீர்விளிம்பில் நிமிர்ந்து நிற்க, தேவாலய மணியும் கோயில் மணியும் ஒன்றையொன்று முந்தாது ஒலித்து ஓய, வத்தளையிலிருந்து பாலங்கடந்து வந்த பேருந்துகள் மாந்தரை இறக்கிவிட்டு மீண்டும் இரைந்தோட, கொட்டாஞ்சேனை உப்புக்காற்றில் முகங்கழுவி விழித்தெழும் அச்சனிக்கிழமைக் காலையை, நல்லீர், மனக்கண்ணாற் காண்பீராக. அவ்வேளை, கடல்வழிச் சரக்கனுப்பும் பணிமனை ஒன்றின் இரண்டாம் மாடியில், பதினேழாண்டு கடிதம் எழுதியே விரல் காய்த்த யூஜினா என்பாள், தான் எழுதித் தரவேண்டிய இரண்டு எழுத்துப் பணிகளை எண்ணி, கொதிகலத்து மூடிபோல் நெஞ்சு துடிக்க இருந்தாள்.

ஒன்று, மறுநாள் மாலை வெள்ளவத்தை மண்டபத்தில் வணிகர் அவைமுன் மேலாளர் கிளறன்ஸ் ஆற்றவிருந்த ‘நற்றலைமை’ பற்றிய உரை. மற்றொன்று, றஸ்மியா என்னும் எழுத்தரைப் பணியிலிருந்து நீக்கும் கடிதம். இரண்டையும் எழுதித் தரும்படி பணித்தவர் அம்மேலாளரே. குளிரூட்டி பழுதுற்ற கொள்கலனில் இறாலை ஏற்றுவித்து முழுவதும் அழுகச் செய்தாள் என்பது றஸ்மியாமேற் சுமத்திய குற்றம். உண்மையோ, ‘குளிரூட்டி பழுது, ஏற்றவேண்டாம்’ என்று ஒப்புதல் தாளின் தலையிலேயே சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தவள் அவளே. கைப்பேசியிற் சிரித்துக் கதைத்தபடி, அதன் அடியில் ஒப்பமிட்டு ஏற்றச் சொன்னவர் கிளறன்ஸ். எதையும் வாசியாமல் ஒப்பமிடுவதே அவர் வழக்கம். அதற்கு அவர் இட்ட பெயர் விரைவு.

“மிஸ், நான் எழுதிக் குடுத்தது உங்களுக்குத் தெரியுந்தானே? வீட்டுல நான் மட்டுந்தான் உழைக்கிற. வாப்பாக்கிட்ட என்னண்டு சொல்ற?” என்று றஸ்மியா வந்து நின்றாள். யூஜினா உரையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தெறிந்து, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடியே மேலாளர் வாய்மொழியாய் அதில் எழுதினாள்; எழுதி முடித்து அவர் அறைக்குட் சென்றாள்.

“சேர், பழுதெண்டு அந்தப் பிள்ளை எழுதித் தந்தவள். ஒப்பம் உங்கடது.”

“கப்பல் தட்டினா மாலுமியத்தான் மாத்துறது யூஜினா, கப்பல்காரனை இல்ல,” என்று அவர் நகைத்தார். “உமக்கும் கதிரை வேணுந்தானே? கடிதத்தைத் திங்கட்கிழமை தாரும். பேச்சு முடிஞ்சுதோ?”

றஸ்மியாவை நீக்காதிருக்க அவர் இணங்கியிருப்பின், புதிதாய் எழுதிய அப்பக்கத்தை அவளே மீண்டும் மாற்றியிருப்பாள்.

“முடிஞ்சுது. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

“உம்மட எழுத்தை நான் எப்ப வாசிச்சனான்? பையுக்க வையும்.”

“வாசிச்சால் நல்லம், சேர்.”

“அதான் மேடையில வாசிக்கப் போறனே, போம்!”

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. பணிமனையார் அனைவரும் வரவேண்டும் என்ற ஆணைப்படி றஸ்மியாவும் மூன்றாம் வரிசையில் இருந்தாள். “வெற்றி வந்தால் என் அணியினரை முன்னே நிறுத்துவேன், இழுக்கு வந்தால் நானே முன்னே நிற்பேன்” என்று கிளறன்ஸ் தேனொழுக வாசிக்க, அவை ஆர்த்தது. அவ்வார்ப்பிலேயே மிதந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “சென்ற மாதம் எங்கள் இறால் அழுகியது. ஏற்றவேண்டாம் என்று றஸ்மியா எழுதித் தந்தார். வாசியாது ஒப்பமிட்டவன் நான். பிழை என்னுடையது. அவையறிய அவரிடம்…”

அங்கே நா நின்றது. தாளிலிருந்து எழுந்த விழிகள் யூஜினாவைத் தேடின. அவள் இமையாது நோக்கினாள். அம்மௌனத்தைப் பெருந்தகையின் நெகிழ்ச்சி என்று கொண்ட அவையோ எழுந்து நின்று கைதட்டியது.

“என்ன மனுசன் அப்பா! இப்பிடி ஒரு முதலாளி ஆருக்குக் கிடைக்கும்?” என்றார் யூஜினாவுக்கு அருகிருந்த ஒருவர். கிளறன்ஸ் நெஞ்சிற் கைவைத்துத் தலைகுனிந்து அப்புகழையும் ஏற்றுக்கொண்டார். சிவப்பு மையால் எழுதிய கைக்கு ஒருவரும் தட்டவில்லை. யூஜினாவின் கைகள் மடியிலேயே இறுகிக் கிடந்தன.

திங்கட்கிழமை றஸ்மியா தன் கதிரையில் இருந்தாள். நீக்கற் கடிதத்தை மேலாளர் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. முந்நூறு பேர் எழுந்து நின்று பாராட்டிய தலைமைக்கு, மேடையில் அறுந்த அச்சொற்றொடரை ஒருத்தியின் மேசையருகே நின்று, கைதட்ட எவருமில்லாப் பொழுதில், முடித்துவைக்கும் துணிவு இன்றளவும் வாய்க்கவில்லை.