மச்சானிடம் சொல்லாத லைட்டு

2008 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலியார்பேட்டையில் ராஜவேலுவின் வீட்டு வாசலில் அவனுடைய பழைய காரை மச்சான் பலராமன் பிரித்துப் போட்டிருந்தார். பலராமன், ராஜவேலுவின் மனைவி மாலாவுக்கு அண்ணன். ஏர் ஃபில்டரை மாற்றி, கரி படிந்த இடங்களைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட நாலு மணி நேரம் ஆனது. வேறு ஆள் என்றால் ஒரு மணி நேரத்து வேலைதான்.

ஆனால் அவர் ஸ்பேனரைத் தொட்டே எட்டு மாதமாகியிருந்தது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கை மாட்டி, இரண்டு விரல்கள் பாதியாகிவிட்டன. அதற்குப் பிறகு அரியாங்குப்பத்து வீட்டைவிட்டு அவர் வெளியே வருவதே அபூர்வம். மாலாதான் நச்சரித்து வரவழைத்திருந்தாள்.

வண்டி ஸ்டார்ட் ஆகி சீராக ஓடியதும் பலராமன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று கேட்டு வாங்கி மறுசோறு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் ராஜவேலு வில்லியனூருக்குக் கிளம்பினான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின்மேல் வண்டி குலுங்கியபோது, மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட்டு எரிந்தது. அது இதுவரை எரிந்ததே இல்லை.

சாயங்காலம் மாலாவிடம் சொன்னான்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் அவள். "இப்பதான் எழுந்து வெளிய வந்திருக்காரு. கேட்டா மறுபடி போயி படுத்துக்குவாரு."

அவனுக்கும் அதுவே சரியென்று பட்டது. செவ்வாய்க்கிழமை நெல்லித்தோப்பில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். மெக்கானிக் சின்னக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான்.

"உள்ள போற காத்தோட சூட்டை அளக்கிற சென்சார்லேர்ந்து சிக்னல் வரல சார். மாத்திடலாம், ஆனா மெட்ராஸ்லேர்ந்து வரணும். வீட்ல யாராவது கை வெச்சாங்களா?"

"நான்தான்" என்றான் ராஜவேலு.

இப்போதைக்கு மெக்கானிக் லைட்டை மட்டும் அணைத்துக் கொடுத்தான். புதன்கிழமை காலையில் அதே ரயில்வே கேட்டில் அது மறுபடி எரிந்தது. அன்று மத்தியானம் பலராமன் போன் செய்தார்.

"வண்டி எப்படிப் போவுது மாப்ள?"

"சூப்பரா போவுது மச்சான்."

வெள்ளிக்கிழமை அவரே திரும்பவும் கூப்பிட்டார். குரலில் பழைய தெம்பு இருந்தது. "எங்க தெருவுல நாராயணசாமி இருக்காரில்ல, அவரு வண்டியும் பாத்துக் குடுக்கச் சொல்றாரு. உங்க வண்டி நல்லா ஓடுதுன்னு சொன்னேன். நாளைக்குக் காலையில பிரிக்கப் போறேன்."

ராஜவேலு போனை வைத்தான். ஒரு மனுஷனைச் சந்தோஷப்படுத்தச் சொன்ன பொய், இப்போது வேறொருவர் வண்டி வரைக்கும் போய்விட்டது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு நேராக அரியாங்குப்பத்துக்கு ஓட்டினான்.

ராஜவேலு காட்டிய லைட்டைப் பலராமன் குனிந்து பார்த்தார். அப்புறம், "என்னிக்கிலேர்ந்து?" என்றார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து."

"எப்ப எரிஞ்சிது? நிக்கிறப்பவா, ஓடறப்பவா?"

"ரெண்டு தடவையும் ரயில்வே கேட்டு தாண்டறப்ப." ஒர்க்‌ஷாப்பில் சொன்னதையும் சொன்னான்.

"குலுங்கினா எரியுதுன்னா சென்சார் போவல. ஒயரு எங்கியோ சரியா ஒக்காரல."

பானெட்டைத் திறந்தார். ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் சென்சாருக்குப் போகும் ஒயரின் முனையில் ஒரு சின்ன பிளக். பார்த்தால் சரியாக மாட்டியதுபோலத்தான் இருந்தது. இடது கையால் அழுத்தினார். டக்கென்று உள்ளே இறங்கியது.

"மாட்டும்போது இது ஏறிடுச்சுன்னுதான் நெனச்சேன்" என்று வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்த வெரல்ல அது தெரியல."

லைட்டு அணைய, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ராஜவேலு மெல்ல ஆரம்பித்தான்.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் மச்சான்..."

"தப்பு பண்ணா வருத்தப்படத்தான் வேணும். கம்பெனியில இருவது வருஷம் அப்பிடித்தான் வேலை செஞ்சேன். மாட்டுனது சரியில்லன்னா சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. இப்ப பாத்தா, எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்றீங்க. அப்பறம் இந்தக் கையால எது முடியும், எது முடியாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பலராமன் மறுபடி பானெட்டுக்குள் குனிந்தார். அந்த பிளக்கைக் கழற்றினார், இடது கையால் மாட்டினார். மறுபடி கழற்றினார். ஒவ்வொரு தடவையும் காதைக் கிட்டே கொண்டுபோய் அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு, பேட்டரி ஒயரை மாட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். லைட்டு எரியவில்லை.

"நாராயணசாமிகிட்ட நடந்ததைச் சொல்லிடறேன்" என்றார். "அதுக்கப்பறமும் வண்டியக் குடுத்தா பாக்கறேன்."

மறுநாள் நாராயணசாமி வண்டியைக் கொடுத்தார். ஆனால், வேலை முடியும்வரை ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அடுத்த புதன்கிழமை பலராமன் போன் செய்தார்.

"லைட்டு?"

"எரியல மச்சான். தெனம் ரயில்வே கேட்டு தாண்டித்தான் போறேன்."

"சரி" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மாலா கோலம் போட வெளியே வந்தபோது, அண்ணன் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"சாவியக் குடு மாலா" என்றார். "நான் ஒரு தடவ ரயில்வே கேட்டு தாண்டிப் போயிப் பாத்துட்டு வந்துடறேன்."

உள்ளேயிருந்து வந்த ராஜவேலு சாவியை எடுத்துக் கொடுத்தான். கூட வரட்டுமா என்று கேட்க நினைத்தவன், கேட்காமல் வீட்டு கேட்டைத் திறந்துவிட்டான்.